மேசைமீது ஒரு சந்திப்பு நிலையம்: மலாக்காக் கிளைப்பாதையும் மாதிரி ரயில் யார்டின் வடிவமைப்பும்

மாதிரி ரயில் தளங்களைப் பார்க்க வருவோரின் கண்ணைப் பாலங்களும் மலைக்குகைகளும் எளிதில் கவர்ந்துவிடுகின்றன. ஆனால் ஒரு தளம் ரயில்வேயாக இயங்குகிறதா, வட்டமிட்டு ஓடும் ஒரு பொம்மையைச் சுற்றி வளர்ந்த இயற்கைக் காட்சியாக நின்றுவிடுகிறதா என்பதைத் தீர்மானிக்கும் இடம் யார்டுதான். வந்து சேரும் சரக்கு வண்டியைப் பிரித்து, ஒவ்வொரு வேகனையும் அது போக வேண்டிய திசைக்கேற்ப வரிசைப்படுத்தி, மீண்டும் புதிய வண்டியாகக் கோத்து அனுப்புவதற்கெனப் பல இணைப்பாதைகளைக் கொண்டு அமைக்கப்படும் களமே யார்டு எனப்படுகிறது; இவ்வாறு பிரித்துக் கோக்கும் வேலை ஷண்டிங் எனப்படும். மாதிரித் தளம் கட்டுவோர் பலர் யார்டை அடுக்கடுக்கான தண்டவாளங்களின் அழகுக்காகவே விரும்பி, இடம் கொள்ளுமட்டும் பாதைகளைப் போட்டு, கைவசமுள்ள வேகன்களையெல்லாம் அவற்றில் நிறுத்திவிடுகின்றனர். நிரம்பிய யார்டில் ஒரு வேகனைக்கூட நகர்த்த வழியிருப்பதில்லை. யார்டின் வடிவம் அங்கு நடக்கும் வேலையிலிருந்து பிறக்க வேண்டும், அந்த வேலையோ அந்த ஊரின் சரக்கிலிருந்தும் அதைக் கையாண்ட மக்களிலிருந்தும் பிறக்கிறது என்னும் கருத்தை, மலாக்கா மாநிலத்தின் ஒரே சந்திப்பு நிலையமாக விளங்கிய பூலாவ் செபாங்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

தம்பின் நகரம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. தம்பின் என்ற பெயரால் நெடுங்காலம் அறியப்பட்ட ரயில் நிலையமோ எல்லைக்கு இப்பால், மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், பூலாவ் செபாங்கில் அமைந்துள்ளது. இன்று அந்நிலையம் பூலாவ் செபாங்/தம்பின் என்று இரு பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கிறது. 1901-இல் உருவான கூட்டு மலாய் மாநிலங்களின் ரயில்வே, சிரம்பானிலிருந்து தெற்கே கெமாஸ் நோக்கித் தன் பிரதான பாதையை நீட்டிச் சென்றபோது, நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்றாக இருந்த மலாக்காவின் நிலத்துக்குள்ளும் நுழைந்தது. 1905-இல் அங்கிருந்து மலாக்கா நகருக்கு ஏறத்தாழ 34 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. பிரதான பாதையிலிருந்து பிரிந்து ஓர் ஊரோடு முடிந்துபோகும் பாதையே கிளைப்பாதை; அது பிரியும் இடம் சந்திப்பு. அக்காலம் மலாக்காவில் ரப்பர் வேரூன்றிய காலமாகும். 1890-களின் பிற்பகுதியில் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கிலும் பின்னர் புக்கிட் ஆசாஹானிலும் ரப்பரை வணிகப் பயிராக நட்டதைத் தொடர்ந்து, மரவள்ளி விளைந்த நிலங்கள் பால்மரக் காடுகளாக மாறின. அவற்றில் பால் வெட்டத் தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். தோட்டத்தில் உலர்த்திய ரப்பர் ஷீட்டுகள் வெளியூர் சென்றதும், தோட்டத்தின் அரிசியும் பருப்பும் உள்ளூர் வந்ததும் சாலையாலும் கடலாலும் மட்டுமல்ல, இந்த இருப்புப்பாதையாலும்தான்.

அக்கிளைப்பாதை இன்று இல்லை. ஜப்பானிய ஆட்சியின்போது அதன் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, சயாம்–பர்மா ரயில்பாதைக்கெனக் கொண்டுசெல்லப்பட்டன. போர் முடிந்த பின்னும் அப்பாதை மீண்டும் போடப்படவில்லை. மலாயாவிலும் சயாமிலும் பர்மாவிலும் பாதையின் அகலம் ஒரு மீட்டராகவே இருந்தமையால், மலாக்காவில் பெயர்த்த இரும்பு அங்கே அப்படியே பொருந்தியது. 1942 செப்டம்பரில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதைக்குத் தண்டவாளங்கள் மட்டும் போகவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழரும் கொண்டுபோகப்பட்டு, காலராவுக்கும் மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பலியாயினர். நேச நாட்டுப் போர்க்கைதிகளில் மாண்டோர் 12,000 பேருக்கு மேல் என்று கணக்கிட்டுக் கல்லறையும் பெயர்ப்பலகையும் வைக்க முடிந்தது. தோட்டத் தமிழருக்கு அவ்வாறான கணக்கு எழுதி வைக்கப்படவில்லை. மலாக்காக் கிளைப்பாதையை மாதிரியாகக் கட்ட முனைவோர் இவ்வரலாற்றை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது. எந்தக் காலத்தைக் கட்டுவது என்பதே வடிவமைப்பின் முதல் முடிவாகையால், 1905-க்கும் 1942-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளுள் ஒன்றைத் தேர்ந்தால்தான் கிளைப்பாதை அங்கே இருக்கும். அதற்குப் பிந்திய எந்த ஆண்டைத் தேர்ந்தாலும் தண்டவாளம் இருந்த தடத்தில் புல்லையே நட வேண்டியிருக்கும்.

அழிந்துபோன யார்டுகள் வேறும் உண்டு. கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் சுமார் 72 ஏக்கர் பரப்பில் விரிந்திருந்த ரயில்வே யார்டின் மீதுதான் 2001-இல் திறக்கப்பட்ட கேஎல் சென்ட்ரல் நிலையமும் அதைச் சூழ்ந்த கோபுரங்களும் எழுந்துள்ளன. அந்த யார்டைச் சுற்றியிருந்த குடியிருப்புகளிலும், செந்தூல் பணிமனையைச் சுற்றியிருந்த குடியிருப்புகளிலும் வாழ்ந்தோரில் பெரும்பாலோர் தமிழர். மலாயாவின் முதல் ரயில்பாதையான தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதையை 1885-இல் அமைத்துத் தந்தது இலங்கையிலிருந்து வந்த பயனியர் படைப்பிரிவு. பின்னர் நிலைய அதிபர்களாகவும் கிராணிகளாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்ற, பாதைபோடும் கூலிகளாகவும் பாயின்ட்ஸ்மேன்களாகவும் ஷண்டிங் ஆட்களாகவும் தமிழகத்துத் தமிழர் உழைத்தனர். ஆகவே மலேசியாவில் ஒரு யார்டை மாதிரியாக அமைப்பது, தமிழர் அன்றாடம் செய்த ஒரு தொழிலை அதன் அளவும் ஒழுங்கும் கெடாமல் மீண்டும் நிறுவிக் காட்டுவதாகும். இதை எழுத்திலோ புகைப்படத்திலோ செய்துவிட முடியாதா என்று கேட்கலாம். புகைப்படம் வேகன் நின்ற இடத்தைக் காட்டும். அந்த வேகன் ஏன் அங்கே நின்றது, அதை வெளியே எடுக்க வேறு எத்தனை வேகன்களை நகர்த்த வேண்டியிருந்தது என்பதை இயங்கும் மாதிரி ஒன்றுதான் காட்டும்.

வேலையிலிருந்து தொடங்குவது என்றால் என்ன என்பதை இனிக் காணலாம். ஒரு யார்டுக்கு எத்தனை பாதைகள் வேண்டும் என்னும் கேள்விக்கு, அங்கே எத்தனை முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்பதே விடை. பூலாவ் செபாங்கில் வந்து நிற்கும் வேகனுக்கு மூன்று திசைகள் உண்டு: வடக்கே சிரம்பான், கோலாலம்பூர்; தெற்கே கெமாஸ், ஜொகூர், சிங்கப்பூர்; கடற்கரை நோக்கி மலாக்கா. தம்பின் நகரச் சரக்குக்கென அங்கேயே தங்கிவிடும் வேகன் நான்காவது வகை. ஆகவே வகைபிரிக்க மூன்று பாதைகளும், சரக்குக் கொட்டகையை ஒட்டி ஒரு பாதையும் இருந்தால் அந்த யார்டின் வேலை முழுமையாக நடந்துவிடும். ஐந்தாவது, ஆறாவது பாதைகளைப் போடும் ஆசை எழும்போது, அவற்றில் நிற்கப்போகும் வேகன் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்டு, விடை இல்லையென்றால் அப்பாதையைக் கைவிடுவதே முறை. கெமாஸைக் கட்ட விரும்புவோருக்கு இதே கணக்கு வேறு விடை தரும். ஏனெனில் கிழக்குக் கடற்கரைப் பாதை அங்கே பிரிந்து கிளந்தானின் தும்பாட் வரை செல்கிறது, இரவு தங்கும் எஞ்சின்களுக்கும் அங்கே இடம் வேண்டும்.

மலாக்காவிலிருந்து ஒரு கலப்பு வண்டி, அதாவது பயணிகள் பெட்டிகளும் சரக்கு வேகன்களும் சேர்ந்த வண்டி, சந்திப்பை அடைவதாகக் கொள்ளலாம். பயணிகள் இறங்கிப் பிரதான வண்டிக்கு மாற வேண்டும். எஞ்சின் கழன்று, தன் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்கு வர வேண்டும். சிங்கப்பூருக்குரிய ரப்பர் வேகன்களைத் தெற்குப் பாதையிலும், வடக்கே போகும் வெற்று வேகன்களை வடக்குப் பாதையிலும் விட வேண்டும். பின்னர் மலாக்காவுக்கென ஏற்கெனவே சேர்ந்திருக்கும் அரிசி வேகன்களைக் கோத்துக்கொண்டு, கடைசியில் கார்டு பயணம் செய்யும் பிரேக் வேனை வண்டியின் பின்முனையில் மாட்ட வேண்டும். இவ்வளவும் நடக்கும்போது பிரதான பாதையில் விரைவு வண்டி தடையின்றிப் போக வேண்டும். இந்த ஒரே நிபந்தனையிலிருந்துதான் யார்டின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தோன்றுகின்றன. வந்த வண்டி பிரதான பாதையை விட்டு ஒதுங்கி நிற்க, இரு முனையிலும் திறப்புள்ள லூப் பாதை தேவை. எஞ்சின் சுற்றி வர அதன் அருகே காலியாக வைக்கப்படும் இன்னொரு வழி தேவை. வேகன்களை இழுத்து வெளியே கொண்டுவந்து மீண்டும் உள்ளே தள்ளுவதற்கு, பிரதான பாதைக்கு இணையாக ஓடி முட்டுக்கட்டையில் முடியும் ஷண்டிங் நெக் என்னும் இழுவைப்பாதை தேவை.

இழுவைப்பாதையே மாதிரி யார்டுகளில் மிக அதிகமாக மறக்கப்படும் உறுப்பு. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை வேகன்களை இழுக்கும்போதும் எஞ்சின் பிரதான பாதைக்குள் நீண்டு நிற்க நேரிடும். அந்நேரம் முழுவதும் கோலாலம்பூர் வண்டியும் சிங்கப்பூர் வண்டியும் சிக்னலில் காத்துக் கிடக்கும். வகைபிரிக்கும் பாதைகளுள் மிக நீளமானது எவ்வளவோ அவ்வளவு நீளமாவது இழுவைப்பாதைக்கும் வேண்டும், அதற்கு மேல் எஞ்சினின் நீளத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் இன்னொரு பாதை போடுவது வீண் செலவு. நீண்ட பாதையில் பத்து வேகன் நிற்கலாம், ஆனால் ஒரே இழுப்பில் ஐந்தைத்தான் வெளியே எடுக்க முடியும் என்றால் அந்தப் பாதையின் பாதி நீளம் சும்மா கிடப்பதாகவே பொருள்.

அளவுகளுக்குள் போகுமுன் பாதை அகலம் பற்றிய சிக்கல் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மாதிரி ரயிலுலகில் மிகப் பரவலான எச்ஓ என்னும் விகிதம் 1:87. அதாவது உண்மைப் பொருளின் 87 மில்லிமீட்டர் மாதிரியில் ஒரு மில்லிமீட்டராகிறது. அதற்கென விற்கப்படும் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், அதுவோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1,435 மில்லிமீட்டர் பாதையைக் குறிப்பது. மலாயாவின் ஒரு மீட்டர் பாதையை அதன்மீது ஏற்றினால் வேகன்கள் கால் அகட்டி நிற்பவையாகத் தோன்றும். 1,000 மில்லிமீட்டரை 87-ஆல் வகுக்க 11.5 வருகிறது, ஆகையால் 12 மில்லிமீட்டர் தண்டவாளமே ஏற்றது. சுவிட்சர்லாந்தின் மீட்டர்ப் பாதைகளைப் பின்பற்றுவோருக்காக பெமோ, பீக்கோ போன்ற நிறுவனங்கள் இத்தகைய பாதையை விற்கின்றன. விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு இன்னொரு வழியுண்டு. ஜப்பானியத் தயாரிப்புகளான காட்டோ, டோமிக்ஸ் தண்டவாளங்களின் அகலம் 9 மில்லிமீட்டர். அதன்மீது 1:120 விகிதத்தில் வேகன்களைச் செய்தால் பாதை 1,080 மில்லிமீட்டரைக் குறிக்கும், இது மீட்டர்ப் பாதைக்கு மிக அருகில் உள்ளது. எவ்விகிதத்திலும் மலாயா ரயில்வேயின் எஞ்சின்களும் வேகன்களும் கடையில் ஆயத்தமாகக் கிடைப்பது அரிது. வேகன் உடலைப் பிளாஸ்டிக் தகட்டில் வெட்டி ஒட்டியோ, முப்பரிமாண அச்சில் எடுத்தோ செய்துகொள்ள வேண்டியிருக்கும். மூடிய நான்கு சக்கர வேகன் எளிய பெட்டிதான் என்பதால் தொடக்க நிலையினரும் அதில் கை வைக்கலாம்.

1:87 விகிதத்தைக் கொண்டு மேலே செல்வோம். ஆறு மீட்டர் நீளமுள்ள நான்கு சக்கர வேகன் மாதிரியில் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். பத்து வேகனும் ஒரு பிரேக் வேனும் ஓர் எஞ்சினும் சேர்ந்தால் வண்டி ஒரு மீட்டர் நீளமாகும். மலாக்காவிலோ ஜாசினிலோ உள்ள வரிசை வீட்டில் ஒரு சுவரோரம் மூன்று மீட்டர் நீளமும் 45 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகையே கிடைக்கும் என்று கொண்டால், அந்த நீளத்தைப் பங்கிடுவதே வடிவமைப்பின் உள்ளீடான கலை. இணைப்பாதைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு 5 சென்டிமீட்டர் வேண்டும். அதைக் குறைத்தால் தடம் புரண்ட வேகனைத் தூக்கி வைக்க விரல் நுழையாது. ஒரு பாதையிலிருந்து மற்றொன்று பிரியும் கருவியான பாயின்ட், எத்தனை அலகு நீளத்துக்கு ஓர் அலகு விலகுகிறது என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. ஆறுக்கு ஒன்று என்ற விலகலில் 5 சென்டிமீட்டர் விலக 30 சென்டிமீட்டர் நீளம் செலவாகிறது. பல பாயின்ட்களைச் சாய்வான ஒரே கோட்டில் அடுத்தடுத்து வைத்துப் பாதைகளைக் கிளைக்கச் செய்யும் அமைப்புக்கு ஏணிப்பாதை என்று பெயர். நான்கு பாதைகள் கிளைக்கும் ஏணி 1.2 மீட்டரை விழுங்கிவிடும். இழுவைப்பாதைக்கு ஒரு மீட்டர் ஒதுக்கினால், கடைசிப் பாதைக்கு எஞ்சுவது 80 சென்டிமீட்டர். அதில் பதினோரு வேகன் நிற்கும்.

நான்குக்கு ஒன்று என்னும் கூர்மையான விலகலைத் தேர்ந்தால் ஏணி 80 சென்டிமீட்டராகச் சுருங்கி, கடைசிப் பாதைக்கு 40 சென்டிமீட்டர் கூடும். ஆனால் நீண்ட சக்கரத்தொடருள்ள பெரிய எஞ்சின் அவ்வளவு கூரிய வளைவில் தடம் புரளும். இதற்குத் தீர்வு உண்மை ரயில்வேயிலேயே உள்ளது: பெரிய எஞ்சின்கள் யார்டின் உட்பாதைகளுக்குள் அனுமதிக்கப்படுவதில்லை, அங்கே சிறிய ஷண்டிங் எஞ்சின்கள் மட்டுமே வேலை செய்யும். ஆகவே லூப் பாதைக்கும் பிரதான பாதைக்கும் ஆறுக்கு ஒன்று, உட்பாதைகளுக்கு நான்குக்கு ஒன்று என்று கலந்து அமைப்பது இடத்தையும் காக்கும், நடைமுறைக்கும் ஒத்துவரும். அமெரிக்காவின் ஜான் ஆம்ஸ்ட்ராங் 1963-இல் வெளியிட்ட பாதைத் திட்டமிடல் நூலுக்குப் பின், இத்தகைய கணக்கைப் பென்சிலால் தாளில் போட்டுப் பார்க்காமல் தண்டவாளத்தைத் தொடுவதில்லை என்பது அத்துறையினரின் பொது ஒழுக்கமாகிவிட்டது. வரைபடம் முடிந்ததும் அதை முழு அளவில் வெள்ளைத்தாளில் பெரிதாக்கிப் பலகைமீது விரித்து, வேகன்களைக் கையால் நகர்த்தி, மேலே சொன்ன மலாக்கா வண்டியின் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்ப்பது இன்னும் சிறந்தது. எந்த அசைவிலாவது பிரதான பாதை அடைபட்டால், ஆணி அடிக்குமுன்னரே தாளில் திருத்திக்கொள்ளலாம்.

பெரிய யார்டுகளின் மீதுள்ள மயக்கம் இக்கலையில் பலரையும் திசைதிருப்பியிருக்கிறது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் யூனியன் பசிபிக் நிறுவனத்தின் பெய்லி யார்டு உலகின் மிகப் பெரியதாகக் கருதப்படுவது. எட்டு மைல் நீளமுள்ள அதை 1:87-இல் கட்டினால் ஏறத்தாழ 150 மீட்டர் வேண்டும். மலாக்காக் கிளைப்பாதையின் 34 கிலோமீட்டரே 390 மீட்டராகிவிடும் என்பதால், எதைக் கட்டினாலும் சுருக்கித்தான் கட்ட வேண்டும். சிறிய நாட்டுப்புறச் சந்திப்பைச் சுருக்கினால் அதன் தன்மை அழிவதில்லை. மாபெரும் யார்டைச் சுருக்கினால் எஞ்சுவது காரணமில்லாத தண்டவாளக் குவியல்.

மூன்று மீட்டர் சுவரும் இல்லாதவர்களுக்கு, அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு புத்தக அலமாரியின் தட்டே போதும் என்று நிறுவியவர் பிரிட்டனின் ஆலன் ரைட். இங்கிள்நுக் சைடிங்ஸ் என்று பெயர்பெற்ற அவருடைய அமைப்பில் இரண்டே பாயின்ட்களும் மூன்று பாதைகளும் உள்ளன. ஒன்றில் ஐந்து வேகன், மற்ற இரண்டில் மும்மூன்று வேகன், இழுவைப்பாதையில் எஞ்சினும் மூன்று வேகனும் நிற்கலாம். மொத்தம் எட்டு வேகன்களிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்தை, எடுத்த அதே வரிசையில் கோத்து அனுப்ப வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையோடு தேர்ந்தெடுக்கும் வகைகள் 6,720 என்பதால், ஒரே புதிர் மீண்டும் வருவது அபூர்வம். கற்பனையான ஒரு ரப்பர்த் தோட்டத்தின் புகைக்கூடத்தருகே இந்த மூன்று பாதைகளையும் அமைத்து, ஒன்றை ஷீட்டுப் பெட்டிகள் ஏற்றும் மேடைக்கும், ஒன்றை விறகும் எண்ணெயும் இறக்குவதற்கும், ஒன்றை வண்டி கோப்பதற்கும் வைத்தால், பள்ளி மாணவர்கள்கூட ஒரு பிற்பகலில் ஷண்டிங்கின் இலக்கணத்தைக் கற்றுக்கொள்வர். மாதிரி ரயில் கட்ட விரும்பும் தமிழ்ப்பள்ளி எதுவாயினும் இதிலிருந்தே தொடங்குவது நல்லது. பெரிய தளத்தைத் தொடங்கிப் பாதியில் விடுவதைக் காட்டிலும், முடித்து இயக்கிய சிறிய தளம் பல மடங்கு கற்பிக்கும்.

கட்டுமானப் பொருள்களைப் பொறுத்தவரை, மேலை நாட்டு நூல்களில் உள்ள அறிவுரைகளை மலாக்காவின் ஈரக்காற்றுக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. அழுத்தித் தயாரித்த மலிவான தூள்பலகைகள் ஈரத்தை உறிஞ்சி ஓரங்களில் உப்பிவிடும். உப்பிய இடத்தில் தண்டவாளம் அரை மில்லிமீட்டர் எழுந்தாலும் வேகன் கழன்று நிற்கும். மேற்பரப்புக்கு நீர்தாங்கும் ஒட்டுப்பலகையே ஏற்றது. அதன் இருபுறமும் ஓரங்களும் வண்ணம் பூசி அடைக்கப்பட வேண்டும். கீழ்ச்சட்டத்துக்கு ரப்பர் மரம் சிறந்த தேர்வு. பால் வற்றிய மரங்கள் மறுநடவுக்காக வெட்டப்படும்போது கிடைக்கும் அம்மரம்தான் அண்டை மாநிலத்து மூவாரின் தளவாடத் தொழிலுக்கு ஆதாரமாக இருக்கிறது. போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தி, சூளையில் உலர்த்திய பலகையாகக் கேட்டு வாங்க வேண்டும், பதப்படுத்தாததை வண்டும் பூஞ்சையும் விரைவில் அரித்துவிடும்.

நிலத்தின் நிறமும் வாங்கி ஒட்டும் பொருளல்ல. பிரதான பாதையின்கீழ் கருங்கல் ஜல்லி தெளிவாகத் தெரிய வேண்டும்; யார்டின் உட்பாதைகளிலோ ஜல்லி குறைந்து, கரிச்சாம்பலும் எண்ணெயும் மண்ணும் கலந்து, ஸ்லீப்பர் கட்டைகளின் தலைமட்டும் தெரியுமளவு தரை உயர்ந்து, ஓரங்களில் புல் படர்ந்திருக்கும். ஜல்லி இல்லாத இடங்களுக்கு மலாக்காவின் செம்மண்ணையே பயன்படுத்தலாம். ஆ பமோசா கோட்டைவாயிலையும் செயின்ட் பால் குன்றின் தேவாலயத்தையும் எழுப்பிய செம்பூராங்கல்லின் குடும்பத்தைச் சேர்ந்த மண் அது. மண்ணை வெயிலில் உலர்த்தி, அடுப்பில் வறுத்துப் பூச்சி முட்டைகளை அழித்து, தேநீர் வடிகட்டியில் சலித்து எடுத்த பின், ஒரு தாளில் பரப்பி அதன்மேல் காந்தத்தை மெதுவாக நகர்த்த வேண்டும். செம்மண்ணில் இரும்புத் துகள் உண்டு. காந்தத்தில் ஒட்டும் கருந்துகளை நீக்காவிட்டால் அது எஞ்சினின் மோட்டாருக்குள் ஏறிப் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். பரப்பிய மண்ணின்மேல் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு கலந்த நீரைத் தெளித்து நனைத்து, நீர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரண்டு நாள் அசைக்காமல் உலர விட வேண்டும்.

மின்னிணைப்பைச் சுருக்கமாகச் சொல்லலாம். எஞ்சினுக்கு மின்சாரம் இரு தண்டவாளங்களின் வழியே செல்வதால், ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் தனி ஊட்டுக்கம்பி பற்றவைக்கப்பட வேண்டும். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சிறு தகடுகளை மட்டும் நம்பினால், ஈரக்காற்றில் அவை களிம்பேறி ஓராண்டுக்குள் எஞ்சின் தயங்கத் தொடங்கும். ஷண்டிங் எஞ்சின் குட்டையானது, மெல்ல ஊர்வது. பாயின்டில் இரு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் முனை பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். ஆகவே யார்டில் மட்டுமாவது அம்முனைக்கும் மின்சாரம் பாயும் பாயின்ட்களுக்குச் செலவிடுவது தேவையானது.

மனிதர்கள் இல்லாத யார்டு பாதி யார்டு. 1:87-இல் மனிதனின் உயரம் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடையில் விற்கப்படும் உருவங்கள் பெரும்பாலும் கோட்டணிந்த ஐரோப்பியர். அவற்றைத் தேய்த்தும் மெழுகு சேர்த்தும் வண்ணம் மாற்றியும்தான், தலையில் முண்டாசு கட்டிக் கடப்பாரையால் தண்டவாளத்தை நெம்பும் பாதைக் கூலிகளையும், அவர்களருகே நிற்கும் கங்காணியையும், பச்சை சிவப்புக் கொடிகளைக் கக்கத்தில் இடுக்கிய பாயின்ட்ஸ்மேனையும், மலாக்கா வண்டிக்கு மூட்டையுடன் காத்திருக்கும் தோட்டத்துப் பெண்களையும் உருவாக்க முடியும். எத்தனை பேரை எங்கே நிறுத்துவது என்பதையும் வேலையே சொல்லும்: பாயின்ட் நெம்புகோல் உள்ள இடத்தில் அதை இயக்குபவர், கோக்கும் பாதையின் தலைப்பில் கைகாட்டும் ஷண்டிங் ஆள், சரக்குக் கொட்டகையின் வாசலில் பேரேட்டோடு கிராணி. பூலாவ் செபாங்கிலும் பத்தாங் மலாக்காவிலும் கெமாஸிலும் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற குடும்பங்கள் இன்னும் உள்ளன. சிரம்பான்–கெமாஸ் இடையே 98 கிலோமீட்டர் மின்மய இரட்டைப்பாதை 2013-இல் முடிந்தபோது பழைய நிலையங்களும் ஒற்றைப்பாதையின் கருவிகளும் பெரும்பாலும் மறைந்துவிட்டமையால், தண்ணீர்க் குழாய் எங்கே நின்றது, வேகன்களை எந்தப் பக்கத்திலிருந்து தள்ளினார்கள், இரவில் எந்த விளக்கை ஏந்தினார்கள் என்பவற்றை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது வரைபடம் வரைவதைவிட அவசரமான வேலை.

கட்டி முடித்த யார்டை இயக்குவதற்குச் சில சீட்டுகள் போதும். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு சீட்டு. அதில் அது எங்கிருந்து எங்கே போகிறது, என்ன சுமக்கிறது என்று எழுதப்பட்டிருக்கும். ‘மலாக்கா – சிங்கப்பூர், ரப்பர் ஷீட்’ என்ற சீட்டுடன் வரும் வேகன் சிங்கப்பூர் சென்றதும் சீட்டு திருப்பப்பட்டு, ‘சிங்கப்பூர் – மலாக்கா, அரிசி’ என்று மறுபக்கம் காட்டும். பார்வைக்குத் தெரியாத திரைக்குப் பின்னால் இரண்டு மூன்று பாதைகளை மறைத்து வைத்தால், வடக்கும் தெற்கும் மலாக்காவும் அவற்றில் அடங்கிவிடும். அங்கிருந்தே வண்டிகள் வரும், அங்கேயே போய் மறையும். வகைபிரிக்கும் பாதைகளில் எப்போதும் பாதியளவு வேகன்களையே வைத்திருப்பது நல்லது.

ஒற்றைப்பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வராமலிருக்க, மலாயாவில் டோக்கன் என்னும் உலோகத் துண்டு பயன்பட்டது. இரு நிலையங்களுக்கிடையே உள்ள பாதைத்துண்டுக்குரிய டோக்கனைக் கையில் பெற்றாலன்றி ஓட்டுநர் அதற்குள் நுழையக்கூடாது, இரு நிலையக் கருவிகளும் மின்கம்பியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் வெளியே எடுக்கவும் முடியாது. சிங்கப்பூரின் புக்கிட் தீமா நிலையத்தில் இம்முறை 2011 ஜூன் 30 வரை, அதாவது தஞ்சோங் பகார் பாதை மூடப்பட்ட நாள் வரை நீடித்தது. மாதிரித் தளத்தில் பித்தளைச் சாவி ஒன்றே டோக்கனாகிவிடும். மலாக்கா வண்டியை இயக்குபவர் அச்சாவியை யார்டு மாஸ்டரிடமிருந்து வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு புறப்படுகிறார். திரும்பி வரும் வரை வேறெவரும் அக்கிளைப்பாதையில் வண்டி விடுவதில்லை. அந்த இடைவேளையில் யார்டு மாஸ்டர் வடக்கிலிருந்து வந்து நிற்கும் சரக்கு வண்டியைப் பிரித்து, அடுத்த மலாக்கா வண்டிக்குரிய அரிசி வேகன்களைச் சேர்த்து வைத்துவிட வேண்டும்.